உடைந்த கண்ணாடியும் ஒரு சிங்கிளும்

பங்குனி 3, செவ்வாய்

ஒன்பது மணி வண்டி இன்றைக்கு வரவில்லை. வராது என்று தெரியும். இருந்தாலும் வலங்கைமான் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினோம். தலைக்கு முப்பது ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அதனால் ஒரு பஸ் நின்றால் எங்களுக்கு அது சுழியத்திலிருந்து முப்பதுக்குப் போன கட்டண உயர்வு. ஜவுளிக்கடைப் பெண்கள், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அத்தை, பூக்கூடையோடு வரும் ஆத்தா, பாத்திரக்கடையில் கணக்கு எழுதும் நான். கும்பகோணத்தில் கடை அடைத்த பிறகு ஊருக்குள் வருகிறவர்கள் இவ்வளவுதான். அந்த வண்டி எங்களை நம்பித்தான் ஓடுகிறது என்று கண்டக்டர் கிண்டல் செய்வார். நாங்களும் அதை நம்பித்தான் வேலைக்குப் போகிறோம்.

நேற்று ராத்திரி நடந்ததைக் குறித்துவைக்க வேண்டும். சாக்கோட்டையில் மூன்று பையன்கள் ஏறினார்கள். படியில் தொங்கிக்கொண்டு தகரத்தில் தாளம். கண்டக்டர் உள்ளே வரச் சொன்னார். வரவில்லை. விசில் அடித்து வண்டியை நிறுத்தி, “ஏறுங்க, இல்லேன்னா இறங்குங்க” என்றார். இறங்கினார்கள். இறங்கும்போது ஒருவன், “நைட்டு எங்க ஊரு வழியாத்தானே வரணும்” என்றான். அவனை எனக்குத் தெரியும், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வலங்கைமான் தாண்டி ஊருக்குத் திரும்பும் மதகுக்கிட்ட வரும்போது ஒரு பைக் எங்களை முந்திக்கொண்டு போனது. அப்புறம் கல்.

முன்பக்கக் கண்ணாடி என்றால் நடுவில் பசைத்தாள் வைத்தது, சிலந்திவலை மாதிரி விரிந்து அப்படியே நிற்கும். இது பின்பக்கக் கண்ணாடி. ஒரே சத்தத்தில் முழுதும் பொடிந்து கல்கண்டாகக் கொட்டியது. கடைசி சீட்டில் யாரும் இல்லை. ஆத்தாவின் மல்லிகைக் கூடைக்குள் விழுந்ததை வீட்டில் முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தாளாம். பூவையும் கண்ணாடியையும் பிரிக்க முடியவில்லை, கூடையோடு குப்பையில் கொட்டிவிட்டாள். அவளுக்கு அது ஒரு நாள் முதல்.

வண்டி ஊருக்கு வராமல் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பியது. புகார் எழுதி நகல் வாங்காமல் கண்டக்டர் டெப்போவுக்குள் போக முடியாது. சாட்சிக்கு யாராவது வாங்க என்றார். நானும் ஆத்தாவும் போனோம். கல்லை எறிந்த கையை நான் பார்க்கவில்லை. சண்டை போட்டவனைப் பார்த்தேன், அவன் சொன்னதைக் கேட்டேன். அதைத்தான் சொன்னேன்.

பங்குனி 5, வியாழன்

கடையில் பெரிய முதலாளியிடம் சொன்னேன். எண்பது தாண்டியவர். கும்பகோணம் பஸ் பற்றி ஆரம்பித்தால் மத்தியானம் வரை போகும். அவர் காலத்தில் ராமன் அண்ட் ராமன் கம்பெனி வண்டிகள்தான். 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், நமக்குச் சோழன். “ராஜா பேரு இருந்தவரைக்கும் சண்டை இல்லம்மா. ராஜாவுக்கு இன்னிக்கு எந்தச் சாதி சர்டிபிகேட் குடுப்பே?” என்றார். ராஜா எந்தச் சாதி என்பதற்கும் இப்போது போட்டி வந்துவிட்டது, அது வேறு கதை.

கழகங்களைப் பிரித்துப் பிரித்துப் புதிது உண்டாக்கியபோது கட்டபொம்மன், மருதுபாண்டியர், தீரன் சின்னமலை, நேசமணி என்று தலைவர்கள் பெயர் வந்தது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒன்று. கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவர். ஆனால் அவர் தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கல்வீச்சு, மறியல், தீ, தென் மாவட்டங்களில் உயிர்ப்பலி. கடைசியில் அரசாங்கம் அந்த ஒரு பெயரை எடுக்காமல், எல்லாப் பெயரையும் எடுத்தது. மாவட்டங்களுக்கு வைத்த தலைவர் பெயர்களும் போயின. 1997 ஜூலையிலிருந்து பெரும்பாலும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், பக்கத்தில் ஊர்ப் பெயர். நம்ம சோழனும் அதோடு போனான்.

அப்போது அரசாங்கத்துக்கு வேறு வழி இருந்ததா என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ எறிந்தவன் ஜெயித்தான் என்றுதான் படுகிறது. பஸ்ஸில் கல் விட்டால் மெட்ராஸ் வரை கேட்கும் என்று ஒரு தலைமுறை அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

பங்குனி 6, வெள்ளி

ஆட்டோவில் இன்றும் இதே பேச்சு. ஜவுளிக்கடைப் பெண் ஒருத்தி, “கண்ணாடிதானே அக்கா, உயிரா போச்சு?” என்றாள். அவள் 2000-க்குப் பிறகு பிறந்தவள்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்த நாள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா முடிந்து வந்த பஸ் தருமபுரி இலக்கியம்பட்டியில் மறியலில் மாட்டி நின்றது. அ.தி.மு.க.காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்துபோனார்கள். 2007-ல் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது, 2016-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, 2018 நவம்பரில் அவர்கள் விடுதலையானார்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் அந்த ஹோட்டலுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம காவிரிக்காக 2016 செப்டம்பரில் பெங்களூரில் எரிந்ததும் நிறுத்திவைத்திருந்த தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள்தான். கோபம் யார்மேல் இருந்தாலும் கைக்கு எட்டுவது பஸ். பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது, நேரம் தவறாமல் நம் முன்னாலேயே வந்து நிற்கும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மதகு வரும்போது ஜன்னல் பக்கத்திலிருந்து நடுவே நகர்ந்து உட்கார்ந்தாள். ஆட்டோவுக்குக் கண்ணாடியே இல்லை.

பங்குனி 8, ஞாயிறு

பாடைக்காவடி. ஊரே வலங்கைமானில். சிறப்புப் பேருந்துகள் வரிசையாக, கூரைமேல் ஏறிய பையன்களைப் போலீஸ் இறக்கிக்கொண்டே இருந்தது. குடமுருட்டியில் முழுக்குப் போட்டுவிட்டு, பச்சை மூங்கில் பாடையில் நேர்த்திக்கடன்காரர்கள் படுக்க, நெற்றியில் காசு ஒட்டி, கைகால் கட்டி, முன்னால் கொள்ளிச்சட்டி, தாரை தப்பட்டை. சாக இருந்தவன் பிழைத்ததற்கு மாரியம்மனுக்குச் செலுத்தும் சாவு.

அந்தப் பையனைப் பார்த்தேன். அவன் தம்பி பாடையில் படுத்திருந்தான், போன ஐப்பசியில் காய்ச்சலில் தப்பியவன். இவன் முன்கொம்பைத் தோளில் வாங்கியிருந்தான். மேடுபள்ளம் வந்தால் தம்பியின் தலை ஆடாமல் இருக்க, ஒரு கையால் தலைமாட்டைத் தாங்கிக்கொண்டே நடந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பங்குனி 10, செவ்வாய்

மெயின் ரோட்டு வண்டியில் நம்ம கண்டக்டரைப் பிடித்தேன். “எப்பண்ணே வரும்?” என்றேன். சிரித்தார். கண்ணாடி ரெண்டு நாளில் மாட்டியாயிற்றாம். வண்டி வேறு ரூட்டில் ஓடுகிறது. எங்கள் சிங்கிளை, அதாவது அந்த ஒருவழி நடையை, தற்காலிகமாக ‘கட்’ என்று எழுதினார்களாம். இந்தத் தற்காலிகம் எப்படி நிரந்தரமாகும் என்று அவர் சொன்னதுதான் விஷயம். ஸ்பேர் வண்டி குறைவு. ராத்திரி அந்த மதகு வழியாகப் போக டிரைவர்களுக்கு விருப்பமில்லை. கலெக்‌ஷன் பார்த்தால், மகளிர் டிக்கெட்டுக்கு அரசாங்கம் ஈடு கொடுத்தாலும், பையில் விழும் காசு சொற்பம். ஒரு மாதம் ஓடாத சிங்கிளை யாரும் கேட்கவில்லை என்றால் அது தேவையில்லாத சிங்கிள். கல் ஒரு காரணம் கொடுத்தது, அவ்வளவுதான்.

கண்ணாடிக் காசு யார் தருவார்கள் என்று கேட்டேன். அரசு பஸ்கள் பெரும்பாலும் வெளி இன்சூரன்ஸ் இல்லாமல், சட்டம் தந்த விலக்கில், கழகத்தின் சொந்த நிதியிலேயே ஓடுபவை. அதனால்தான் விபத்து நஷ்டஈடு கட்டவில்லை என்று கோர்ட் வாசலில் பஸ்ஸை ஜப்தி செய்து நிறுத்தும் படம் பேப்பரில் அடிக்கடி வருகிறது. நாமே உடைத்து நாமே கட்டுவது. உடைத்தவனிடமே வசூலிக்க நம்மிடம் 1992-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, உச்ச நீதிமன்றமும் 2009-ல் வழிமுறை சொல்லியிருக்கிறது. கேரளாவில் 2022 செப்டம்பரில் பி.எஃப்.ஐ. ஹர்த்தாலில் பஸ்களை உடைத்தபோது, டிரைவர் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டிய படம் வந்தது. அங்கே உயர் நீதிமன்றம் அந்த அமைப்பை 5.20 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. பெயரும் கொடியும் உள்ள கூட்டத்திடம் அது நடக்கும். மதகில் நின்ற பையனிடம் என்ன இருக்கிறது, மாதத் தவணை முடியாத ஒரு பைக்.

பங்குனி 13, வெள்ளி

பையனின் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். சம்பா விலை, கொள்முதல் நிலையத்து மூட்டை எல்லாம் பேசி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை கூடிவருகிறது. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் விசாரணை வரும், கேஸில் பெயர் இருந்தால் போச்சு.

“இருட்டுல ஒண்ணும் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா.”

“மதகுக்கிட்ட இருட்டுதான் பெரியப்பா. அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். சாக்கோட்டையில பஸ்ஸுக்குள்ள லைட்டு எரிஞ்சுதே.”

அவர் கோபப்படவில்லை. கண்ணாடிக் காசைத் தான் கட்டிவிடுவதாகச் சொன்னார். அதை டெப்போவில்தான் கேட்க வேண்டும் என்றேன். எனக்கு அவன் ஜெயிலுக்குப் போக வேண்டாம். வண்டி வர வேண்டும். ஆத்தா கும்பகோணம் போவதையே நிறுத்திவிட்டாள், பூ விற்ற லாபம் ஆட்டோவுக்குச் சரியாகப் போகிறதாம். இதைச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆத்தா அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பங்குனி 15, ஞாயிறு

நாளை திருவாரூர் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ‘இரவு 9 மணி நகரப் பேருந்தை மீண்டும் இயக்கக் கோரி’ என்று எழுதிவிட்டேன். மதகுக்கிட்ட ஒரு விளக்கு வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆண்கள் பக்கம் பெரியப்பாவிடமிருந்து தொடங்கலாம் என்று மனுவையும் பேனாவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். “நல்லா எழுதியிருக்கே” என்றார். பஸ் வேண்டும் என்று அவர் கையெழுத்துப் போட்டால் கல் விழுந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமா என்று கேட்டார். ஆகாது என்றேன். வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மனுவைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.