வல்லநாட்டு மான்களும் மன்னார்க் கடலும்



ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் சென்று சிங்கத்தையும் யானையையும் காண்பதைச் ‘சஃபாரி’ என்று அழைக்கின்றனர். அச்சொல் நமக்குப் புதியதன்று. பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்தே கிழக்காப்பிரிக்கக் கரையின் சுவாஹிலி மொழிக்குச் ‘சஃபாரி’ வந்தது. அரபு வணிகரின் மரக்கலங்கள் பல நூற்றாண்டுகள் போய்வந்த கரை அது. ஆகவே சஃபாரி என்பது வேட்டையும் அன்று, வேடிக்கையும் அன்று. அது ஒரு பயணம். பயணிக்குரிய பொறுமையும் அடக்கமும் அங்கும் வேண்டும்.

கென்யாவின் மாசாய் மாராவுக்கோ தான்சானியாவின் செரங்கெட்டிக்கோ செல்லும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும். ஆனால் கானுயிர்களைக் காணும் முதற் பயணத்தை நம் தூத்துக்குடிச் சீமையிலேயே தொடங்கலாம் என்பதை எத்தனை குடும்பங்கள் அறியும்?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் வல்லநாடு இருக்கிறது. அங்குள்ள குன்றும் அதைச் சூழ்ந்த முட்புதர்க் காடும் 1987-ஆம் ஆண்டில் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களுள் தென்கோடியில் அமைந்தது இதுவே. ஆண்மானுக்கு முறுக்கிய நீண்ட கொம்புகள். முதுகு கருமை, வயிறு வெண்மை. பெண்மான் மங்கிய பழுப்பு நிறம். பெரும்பாலும் கொம்பு இராது. இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை.

அங்கே எதை எதிர்பார்க்கலாம்? தொலைக்காட்சியில் காண்பதை எதிர்பார்க்காதீர்கள். பல மாதங்கள் காத்திருந்து எடுத்த படத்தை ஒரு மணி நேரத்தில் சுருக்கிக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வண்டியை விட்டு இறங்கியதுமே “மான் எங்கே?” என்று கேட்பார்கள். மான் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு நாள் கூட்டமாய்த் தென்படும். மற்றொரு நாள் குளம்படியும் புழுக்கையுமே மிஞ்சும். அந்தக் குளம்படியைக் காட்டி, எந்தத் திசையில் சென்றது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். பார்க்கக் கற்றுக்கொள்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவது நன்று. வெயில் ஏறிய பின் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். வெளிமானுக்குக் கண்பார்வை மிகக் கூர்மை. பளிச்சென்ற உடைகளைத் தவிர்த்து, மண்ணின் நிறத்தை ஒத்தவற்றை அணியுங்கள். மோப்பமும் உண்டாதலால் அத்தர் பூசுவதை அன்று ஒரு நாள் விட்டுவிடலாம். வேனில் ஒலிபெருக்கி வேண்டாம். மிச்சச் சோற்றைக் குரங்குகளுக்கு எறிவதும் வேண்டாம். அது தருமமாகத் தோன்றும், ஆனால் தானாக இரை தேடும் பிராணியைப் பிச்சைக்குப் பழக்கிவிடும்.

வல்லநாட்டிலிருந்து கடற்கரைக்குத் திரும்பினால் உப்பளங்கள் விரியும். குளிர்காலத்தில் அங்கே தேங்கிய நீரில் நெடுங்கால் உள்ளான்கள் மேயும். பேறிருந்தால் பூநாரைகளையும் காணலாம். ஒரு பைனாகுலரும், பாத்தி வரப்புகளை மிதித்துக் கெடுக்காத பக்குவமும் இருந்தால் போதும்.

அதற்கு அப்பால் கடல். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை வரிசையாய் அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாயின. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகியவை உள்ளன. இவற்றுள் விலாங்குச்சல்லி நீரில் மூழ்கிவிட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தது இத்தீவுகள் கரைந்ததற்கு முக்கியக் காரணம். அலையின் வேகத்தைத் தடுக்கும் அரணே பாறைதான். அரண் போனபின் மணல் எப்படி நிற்கும்? வான்தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். அனுமதியின்றி இத்தீவுகளில் கால் வைக்கக் கூடாது.

இக்கடலுக்கும் நம் சமுதாயத்துக்கும் உள்ள உறவு நெடியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தையும் இக்கரையின் முத்துக்குளிப்பையும் வருணித்தார். கீழக்கரைக் குளிகாரர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் ‘பார்’ எனப்படும் சிப்பித் திட்டுகளில் இறங்கினர். மரைக்காயர் வணிகத்தில் முத்துக்கும் சங்குக்கும் பெரும் பங்கு இருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்ததே தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்புத் தொடர். அதன்பின் பார்களில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் செயற்கையாய்க் கருவிட்டு முத்து வளர்த்துக் காட்டினர். ஆனால் பார்களில் பழைய வளம் மீளவில்லை.

ஆவுளியா என்று நம் கரையோரத்தார் அழைக்கும் கடற்பசுவும் அப்படியே. கடற்புல் மேய்ந்து வாழும் சாதுவான பிராணி; தாய்ப்பால் குடித்து வளர்வது. இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டும் வலையில் சிக்கியும் அருகிவிட்டது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அதன் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகையது அதுவே முதலாவது. ஒரே பயணத்தில் ஆவுளியாவைக் கண்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். கடலிலேயே பிழைக்கும் மீனவருக்கும் அது அரிய காட்சி.

கடைத்தெருவிலும் எச்சரிக்கை தேவை. பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் சட்டத்தால் காக்கப்படுபவை. வீட்டு அலமாரிக்கு அழகு என்று ஒரு பவளக் கிளையை வாங்கினால் சட்டக்குற்றம் மட்டுமன்று. மற்றொரு கிளை முறிக்கப்பட நாமே விலை கொடுத்தவர்களாகிறோம். இதைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே மறுத்துக் காட்டுங்கள். நூறு அறிவுரைகளைவிட அது ஆழமாய்ப் பதியும்.

வாசகர்களே! ஊர் திரும்பும்போது, மானைக் காணவில்லையே என்று பிள்ளைகள் குறைபடலாம். காணாமல் வந்ததில் இழப்பில்லை. அது அங்கே இருக்கிறது, மறுமுறை காணலாம். முத்துச்சிப்பிக்கு நம் பாட்டனார் காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இன்று அந்தப் பார்களைக் காட்ட நம்மிடம் பெயர்கள் மட்டுமே உள்ளன. வல்லநாட்டு மானும் மன்னார்க் கடலின் ஆவுளியாவும் வெறும் பெயர்களாகிவிடாதிருக்க வேண்டுமானால், அவற்றை நேசிக்கும் ஒரு தலைமுறை வேண்டும். அந்தத் தலைமுறையை அழைத்துச் செல்ல, விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.