தூண்டில் வளைவும் ஒரு அரிசி சாக்கும்

காலடிப்பேட்டைன்னு சொன்னதும், ஏதோ சாமியோட காலடி பட்ட ஊருன்னு எங்க கிராமத்துல பாதிப் பேர் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. அது இல்லீங்க. 1717-லேர்ந்து 1720 வரைக்கும் சென்னைப்பட்டணத்துக்கு கவர்னரா இருந்த ஜோசப் காலெட்டுங்கிற வெள்ளைக்காரர், நெசவாளிங்களைக் குடிவெச்ச பேட்டை அது. காலெட் பேட்டை, நம்ம சனங்க வாயில விழுந்து காலடிப்பேட்டை ஆயிடுச்சு. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் அங்கதான் இருக்கு. 2021-லேர்ந்து மெட்ரோ ரயிலும் அங்க நிக்குது. திருவொற்றியூர் போற வழியில பேரைப் பார்த்திருப்பீங்க.

எங்க பெரியக்காவை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. நவரை நடவு முடிஞ்சு முதல் களைக்கு முன்னாடி நாலு நாள் கிடைக்கும் பாருங்க, அப்போ வருஷா வருஷம் ஒரு மூட்டை அரிசி, வேர்க்கடலை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டு வருவேன். இந்த வருஷம் போனப்ப பார்த்ததை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கு. வயல் வேலை விடல.

மாமா டயர் கம்பெனியில முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஷிப்ட்டுக்குப் போன காலத்துலேர்ந்தே அவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம் தூண்டில். வலை வீசுற மீனவர் குடும்பம் இல்ல. வெறும் தூண்டில் பிரியர். ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலரைக்கு ராடு, ரீல், ஈயக்குண்டு, ஒரு டிபன் பாக்ஸ்ல இறால் இரை, இதோட கிளம்பிடுவார். கூட அஞ்சாறு பேர். ஒருத்தர் ஆட்டோ ஓட்டுறவர், ஒருத்தர் ஹார்பர்ல கிளார்க், காலேஜ் படிக்கிற பசங்க ரெண்டு பேர்.

இவங்க உக்கார்ற இடம் தூண்டில் வளைவு. நம்ம உள்நாட்டுக்காரங்களுக்கு அது என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன். கடல் கரையை அரிக்காம இருக்க, கரையிலேர்ந்து கடலுக்குள்ள கருங்கல்லைக் கொட்டி வளைச்சுப் போட்ட தடுப்பு. தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருக்கிறதால அந்தப் பேரு. வட சென்னைக்கு இந்தக் கல்லு ஏன் தேவைப்பட்டதுன்னா, நம்ம கரையோரம் கடல் வருஷத்துல பெரும்பகுதி மணலைத் தெற்கேர்ந்து வடக்கே தள்ளிக்கிட்டுப் போகும். நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி சென்னைத் துறைமுகத்தைக் கட்டினப்ப அந்த மணல் தெக்குப் பக்கமே நின்னுடுச்சு. அதுலதான் மெரினா இவ்வளவு அகலமாச்சு. வடக்கே ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் மணல் வரத்து நின்னு, கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு. மேல்மடைக்காரன் தண்ணியைக் கட்டினா கடைமடைக்காரன் வயல் காயுற கதைதான். மெரினாவுல காத்து வாங்கும்போது ஒரு தடவை இதையும் நெனைச்சுக்குங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய தகராறு வந்திருக்கு. குப்பத்துக்காரங்க, தூண்டில் போடுறவங்க யாரும் இனிமே கல்லு மேல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காரணம் நியாயம்தான். தூண்டில் கல்லுல மாட்டிக்கிட்டா நரம்பை அறுத்துட்டு வேற கட்டிப்பாங்க. அறுந்த தங்கூஸ் நரம்பு முள்ளோட அங்கேயே கிடக்கும். அலை அடிச்சு அது வலையில சுத்திக்கும். அதைப் பிரிச்சு எடுக்க அரை நாள் போகும். இரை கொண்டாந்த கேரி பேக், டீ கப்பு, தண்ணி பாட்டில், ராத்திரி ஆளுங்க போடுற சரக்கு பாட்டில் எல்லாம் கல்லு இடுக்குல. படகைத் தள்ளிவிட இறங்கின பையன் ஒருத்தன் உள்ளங்காலில தூண்டில் முள்ளு ஏறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அதுக்கப்புறம்தான் இந்தத் தடை.

"ஒரு கிலோ மீன் புடிக்க வர்றீங்கோ, ஒம்பது கிலோ குப்பையைப் போட்டுட்டுப் போறீங்கோ. எங்க பொழப்புல ஏன்யா கை வெக்கிறீங்கோ?"ன்னு மீன் விக்கிற ஒரு அம்மா கேட்டதை மாமா இன்னமும் சொல்றார். ரெண்டு மாசம் தூண்டில் கிடையாது. "அந்த ரெண்டு மாசம் இந்த மனுஷனை வீட்டுல வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு"ன்னு அக்கா இன்னொரு பக்கம்.

அப்புறம் மாமாவும் மத்தவங்களும் குப்பத்துப் பெரியவங்களைப் போய்ப் பார்த்துப் பேசியிருக்காங்க. பேச்சு ரொம்பச் சுருக்கம். தூண்டில் போடுறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு சாக்கு குப்பை எடுக்கணும். சாக்கைக் காட்டிட்டுத்தான் ராடைத் தொடணும். யாரு போட்ட குப்பைன்னு கேள்வி கிடையாது.

நான் போன ஞாயித்துக்கிழமை எனக்கும் ஒரு இருபத்தஞ்சு கிலோ அரிசி சாக்கைக் கையில குடுத்துட்டார் மாமா. "மச்சான், களை எடுக்கிற கைதானே, சும்மா எதுக்கு வெச்சிருக்கே?"

இருட்டு. ஆளாளுக்கு நெத்தியில லைட்டு. கருங்கல்லுல பாசி வழுக்குது. நண்டு சந்துல ஓடுது. முதல்ல நரம்பு தேடறாங்க. அது லேசுல கண்ணுக்குத் தெரியாது. கல்லைக் கையால தடவிக்கிட்டே போகணும். கிடைச்சதை ஒரு காலி பாட்டில் மேல நூல்கண்டு மாதிரி சுத்துறாங்க. ஏன் சாக்குல போடக் கூடாதுன்னு கேட்டேன். நீளமா விட்டா குப்பைமேட்டுல காக்கா கொக்கு காலுல மாட்டிக்குமாம். போன வருஷம் ஒரு கொக்கு காலு ரெண்டும் நரம்புல கட்டி, கல்லு மேலயே செத்துக் கிடந்ததை அந்தக் காலேஜ் பையன் போன்ல காட்டினான். அது மக்கிப் போக பல நூறு வருஷம் ஆகும்னு சொல்றாங்க.

நரம்பு போடுறதுக்குன்னே ஒரு நாலு இஞ்ச் பிவிசி பைப்பை, மேல எல்போ வெச்சு, கீழ மூடி போட்டுக் கம்பத்துல கட்டிவெச்சிருக்காங்க. அமெரிக்காவுல ப்ளோரிடா பக்கம் தூண்டில் போடுற பாலத்துல எல்லாம் இப்படி இருக்கிறதை வீடியோவுல பார்த்துட்டு ஆட்டோக்காரர் செஞ்சதாம். முதல்ல வெச்ச பைப்பு மூணாம் நாளே காணோம். எவனோ வீட்டுக் குழாய்க்கு எடுத்துட்டுப் போயிட்டான். ரெண்டாவதுல சுத்தி ட்ரில் போட்டு ஓட்டையா பண்ணி வெச்சாங்க. அது நிக்குது. எங்க ஊர்ல மோட்டார் ஸ்டார்ட்டர் திருடு போறதுக்கு இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சா தேவலை.

வெளிச்சம் வர்றதுக்குள்ள ஏழு சாக்கு ரொம்பிடுச்சு. தெர்மாக்கோல், செருப்பு (எப்பவும் ஒத்தைச் செருப்புதான்), சாம்பார் பாக்கெட், தலைமுடி எண்ணெய் பாட்டில், மாலை, சாமி படம். திருவொற்றியூர் பாப்புலர் எடைமேடைக்குப் பின்பக்கம் விநாயகர் கரைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அந்தச் சதுர்த்தி முடிஞ்ச வாரம் மட்டும் சாக்குக் கணக்கே வெச்சுக்க மாட்டாங்களாம்.

அப்புறம் ஒரு சாக்கைத் தரையில கொட்டிப் பிரிச்சாங்க. பாட்டில் தனி, கண்ணாடி தனி. அதுலதான் எனக்கு அடி வயித்தைப் பிசைஞ்சது. உரச் சாக்குத் துண்டு. டிரிப் டியூப் ஒரு கையளவு. கத்தரிக்குப் போடுற மல்ச்சிங் ஷீட்டு, ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. தண்டுத் துளைப்பானுக்கு அடிக்கிற மருந்து டப்பா, நல்லா மூடி போட்டது, மிதந்து வந்திருக்கு. காலேஜ் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அங்கிள், இது என்ன ஷாம்பூவா?"ன்னான். நான் வாங்கிக் கீழ வெச்சுட்டு, மொதல்ல சோப்பு போட்டுக் கையைக் கழுவுடான்னேன்.

எங்க ஊர் கொசஸ்தலை ஆத்தங்கரை. தாமரைப்பாக்கம் அணைக்கட்டுக்கு மேல. பூண்டியில ஷட்டர் தூக்கினா எங்க ஊரைத் தொட்டுக்கிட்டுத் தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துல தண்ணி கடலுக்குப் போகும். ஐப்பசி கார்த்திகையில வாடைக் காத்துக்குக் கரையோர நீரோட்டம் வடக்கேர்ந்து தெற்கே திரும்பிடும். அப்போ எண்ணூர்ல கடலுக்குப் போனது நேரா எங்கே வரும்? அக்கா வீட்டு வாசலுக்குத்தான். அந்த டப்பா எங்க ஊர்லேர்ந்தே வந்ததுன்னு சொல்ல முடியாது. நடுவுல எத்தனையோ ஊரு. ஆனா ஆத்து மதகு பக்கத்துல எங்க ஊர் சனங்க கொட்டிவெச்சிருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் தானா சுத்தமாகிடும். "ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு"ன்னு திருப்தியா சொல்லிப்பாங்க. அது எங்கே போச்சுன்னு அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

மாமாகிட்ட ஒண்ணு கேட்டேன். இந்தப் பக்கம் கடலுக்கு வந்த கேடு சாக்குல அள்ளுற அளவா மாமா? 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘டான் காஞ்சிபுரம்’, ‘பி.டபிள்யூ. மேப்பிள்’னு ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சே, ஞாபகம் இருக்கும். எர்ணாவூர் கரையெல்லாம் தார் மாதிரி அப்பிக்கிச்சு. எத்தனையோ மிஷின் இருக்கிற நாட்டுல, மீனவங்களும் மாணவப் பசங்களும் கடலோரக் காவல்படையும் வாளியால அள்ளினாங்க. மாமாவும் மூணு நாள் போனவர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கத்துலேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணெய் வந்து, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவினப்பவும் அதே கதைதான். மீனவங்களே பைபர் படகுல போய் மக்குல மொண்டு டிரம்முல ஊத்தினாங்க. அந்த மழையில எங்க வயலும் முழுகித்தான் கிடந்துச்சு. ஆனா தண்ணி வடிஞ்சா வயலு வயலுதான். எண்ணெய் படிஞ்ச அலையாத்திச் செடிக்கும் நண்டுக்கும் அப்படி இல்லியே.

மாமா நரம்பைச் சுத்திக்கிட்டே சொன்னார்: "அளவு இல்லதான் மச்சான். ஆனா பெரிய ஆளுங்களைக் கேள்வி கேட்கப் போனா, மொதல்ல உன் குப்பையை எடுறாம்பான். அந்த வாய்க்கு இந்த சாக்கு."

எனக்கு இதுல இன்னொண்ணும் பிடிச்சது. பேனர் இல்லை, ஒரே கலர் டீ-ஷர்ட் இல்லை, கையுறை போட்டுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறது இல்லை. ஊர் ஊரா அந்த மாதிரி துப்புரவு முகாம் நிறைய பார்த்தாச்சு. மதியம் பிரியாணிப் பொட்டலம் அங்கேயே கிடக்கும். இவங்க செய்யுறது சுத்தமான சுயநலம். கல்லு சுத்தமா இருந்தா நரம்பு மாட்டாது, குப்பத்துக்காரன் விரட்ட மாட்டான், மீனு கிடைக்கும். நம்ம வயல்ல களை எடுக்கிறதுக்கு யாராவது பாராட்டு விழா வைக்கிறாங்களா? அதனாலதான் ரெண்டு வருஷமா நிக்காம நடக்குதுன்னு நெனைக்கிறேன்.

கேரளாவுல கொல்லம் பக்கம் சக்திகுளங்கரையில 2017-ல ‘சுசித்வ சாகரம்’னு ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சாங்க. வலையில மீனோட வர்ற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடல்ல எறியாம, பையில போட்டுக் கரைக்குக் கொண்டாருவாங்க. பொம்பளைங்க கழுவிப் பிரிச்சு, மிஷின்ல தூளாக்கி, ரோடு போடுறதுக்குத் தாரோட கலக்கக் குடுத்தாங்க. அங்கே அரசாங்கம் மிஷின் போட்டுக் குடுத்துச்சு. காலடிப்பேட்டையில பாட்டில் மட்டும் காயலான் கடைக்குப் போகுது. அந்தக் காசு இரை இறாலுக்கு. மத்ததை மாநகராட்சி வண்டிக்காரர் எடுத்துக்கிறார்.

மீனு கதையையும் சொல்லிடறேன், இல்லேன்னா கேட்பீங்க. ஆறரைக்குத்தான் முதல் ராடு விழுந்துச்சு. கிழங்கான் பதினொண்ணு, ஒரு சின்ன பாரை. நண்டு இரையைத் தின்னதுதான் அதிகம். அக்கா கிழங்கானை வறுத்துட்டு, பாரையைக் குழம்பு வெச்சா. வந்த ரெண்டு நாளும் வேற எதுவும் எனக்கு வாயில இறங்கல.

ஊருக்கு வந்து மதகுல வலை கட்டலாமான்னு பார்த்தேன். முழுசா கட்டினா வெள்ளத்துல குப்பை அடைச்சு, தண்ணி ஏறி, நாத்தெல்லாம் அழுகிடும். ஆத்துக்காரன் மேல பழி போட முடியாது, எல்லாரும் என்னைத்தான் அடிக்க வருவாங்க. அதனால எங்க வாய்க்கால் ஆத்துல சேர்ற வாயில மட்டும் சாய்வா நாலு சவுக்குக் கழி நட்டு, பாதி உயரத்துக்குப் பழைய வலை. மேல தண்ணி தாராளமா போகும். வலை குப்பத்துலேர்ந்து மாமா வாங்கி அனுப்பினது.

மருந்து டப்பாவுக்கு என் மோட்டார் கொட்டாய்ல ஒரு சாக்கு தொங்கவிட்டிருக்கேன். மருந்துக் கடைக்காரர் காலி டப்பாவைத் திரும்ப வாங்க மாட்டேன்னுட்டார். காயலான் கடைக்காரர் எட்டி நின்னே கையை ஆட்டிட்டார். டப்பாவை மூணு தடவை அலசி, அந்தத் தண்ணியையும் டேங்க்லயே ஊத்திட்டு, அடியில ஓட்டை போட்டுத்தான் சாக்குல போடணும்னு பக்கத்து வயல்காரங்ககிட்ட சொல்லிவெச்சேன். ரெண்டு மாசத்துல நாப்பத்தோரு டப்பா சேர்ந்திருக்கு. இத்தனைக்கும் மூணே மூணு வீட்டுக்காரங்கதான் போடுறாங்க. வேளாண்மை அலுவலர்கிட்ட எங்கே குடுக்கிறதுன்னு கேட்டிருக்கேன், விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கார்.

நேத்து சாயங்காலம் கீழ்ப்பக்கத்து வயல் பெரியவர், எழுபது வயசு, ஒரு மஞ்சப்பையில ஆறு டப்பா கட்டிக்கிட்டு வரப்புல மெதுவா நடந்து வந்தார். எல்லாம் அலசி, ஓட்டை போட்டு, வெயில்ல காயவெச்சது. கொட்டாய் வாசல்ல வெச்சுட்டு, "தம்பி, பட்டணத்துல உங்க மாமா இதையெல்லாம் சேர்க்கிறாராமே, அடுத்த தபா போறப்ப என் கணக்குல இதையும் குடுத்துடு"ன்னுட்டுப் போறார்.