திரைக்கு வெளியே விழுந்த எழுத்து

என்னுடன் வேலை பார்த்த ஒரு தம்பியின் திறமையை நான் சந்தேகப்பட்டேன். அதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி, திரையின் வலது மேல் மூலையில் நானே வைத்த ஓர் எழுத்து.

அது, நேரம் தவறாமல் ஓட வேண்டிய மோட்டார்களை ஆர்டிலினக்ஸில் நாங்கள் இயக்கிய காலம். 1990களின் நடுவில் நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைக்கனும் மைக்கேல் பரபனோவும் உருவாக்கிய அந்த அமைப்பில், லினக்ஸே கடைசி முன்னுரிமை உள்ள ஒரு வேலைதான். மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பும் நேரம் வந்துவிட்டால், லினக்ஸ் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அதை அப்படியே நிறுத்திவிட்டு நம் மாட்யூல் ஓடும். அதனாலேயே மாட்யூலின் உள்ளிருந்து, திரையில் செய்தி அச்சிடும் வழக்கமான பிரிண்ட்கே போடக் கூடாது. லினக்ஸ் அதே பிரிண்ட்கேயின் பாதியில் நின்றிருந்தால் இயந்திரம் உறைந்துபோகலாம்.

நான் குறுக்கு வழி கண்டுபிடித்தேன். டெக்ஸ்ட் மோடில் விஜிஏ திரை என்பது வெறும் நினைவகம். ஹெக்ஸில் பி8000 முகவரியில் இருக்கிறது. எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். 80 எழுத்து, 25 வரி, மொத்தம் 4000 பைட். யாரிடமும் அனுமதி கேட்காமல் நேராக எழுதலாம். முதல் வரியின் கடைசிக் கட்டத்தில், மாட்யூலின் லூப் ஓட ஓட எழுத்து மாறும்படி வைத்தேன். எழுத்து மாறினால் மாட்யூல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதை மற்றவர்களுக்கும் பெருமையாகக் காட்டினேன்.

அந்தத் தம்பி எழுதிய மோட்டார் லூப்பை ஏற்றினால், சற்று நேரத்தில் எழுத்து காணாமல் போனது.

"உன் லூப் எங்கேயோ நின்னுபோகுது தம்பி."

"இல்ல சார், ஓடுது. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த எழுத்து தானா திரும்ப வருது சார்."

அதைக் கேட்டு நான் யோசித்திருக்க வேண்டும். மாறாக, விட்டுவிட்டு ஓடும் நிரல் என்று முடிவுகட்டினேன். திருப்பி எழுதச் சொன்னேன். அவன் எழுதினான், மறுபடியும் எழுதினான். நன்றாக இருந்த கணக்கு முறையைக் கைவிட்டு, மந்தமான ஒன்றைப் போட்டான். வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தள்ளிப்போனது. அவன் என்னிடம் பேசுவதே குறைந்தது.

பிறகு ஒருநாள், என்னிடம் சொல்லாமலே, பேரலல் போர்ட்டில் ஒரு எல்இடியை வைத்து, லூப்பிலிருந்து அதை மினுக்கவிட்டிருந்தான். நான் அவன் மேசைக்குப் போனபோது மூலையில் எழுத்து இல்லை. எல்இடி சீராக மினுங்கிக்கொண்டிருந்தது. வேறு கன்சோலுக்கு மாறித் திரும்பினேன். எழுத்து இருந்தது. திரையைத் துடைத்துவிட்டு என்டர் தட்டினேன். பிராம்ப்ட் ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது. எழுத்து இன்னும் இருந்தது. இன்னொரு என்டர். திரை ஒரு வரி மேலே நகர்ந்தது, எழுத்து போய்விட்டது. எல்இடி நிற்கவில்லை. என்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன். வரிகள் ஓடின, ஓடின. நெடுநேரம் கழித்து எழுத்து ஒரு கணம் தோன்றி மறைந்தது. அவன் சொன்னது அப்படியே நடந்தது.

ஸ்க்ரோல் ஆகும்போது லினக்ஸ் 4000 பைட்டையும் நகர்த்துவதில்லை. திரை எங்கிருந்து தொடங்குகிறது என்ற முகவரியை மட்டும் 160 பைட் தள்ளிவைக்கிறது. திரை நினைவகத்தின் 32 கேபி முடியும்போதுதான் எல்லாவற்றையும் நகலெடுத்து பி8000க்குத் திரும்புகிறது. அதுவரை நான் எழுதியதெல்லாம் திரைக்கு வெளியே போய் விழுந்தது. கன்சோல் மாறி வந்தாலும் தொடக்கம் பி8000க்கே வந்துவிடும். நான் சோதித்தபோதெல்லாம் அப்படித்தான் வந்து பார்த்தேன்; அதனால் எனக்கு எப்போதும் தெரிந்தது.

இப்படி முகவரியைத் தள்ளுவதை நிறுத்த, லினக்ஸின் விஜிஏ டிரைவரில் 'நோ-ஸ்க்ரோல்' என்றொரு பூட் அமைப்பு உண்டு. ஒரு பிரெய்ல் வாசிப்புக் கருவிக்கு அது தேவை என்று மூல நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. நான் அந்தக் கோப்பைத் திறந்தது எல்லாம் முடிந்த பிறகு.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்காணிப்பை ஆர்டிலினக்ஸின் ஃபைஃபோ வரிசைக்கு மாற்றினோம். அவன் முதலில் எழுதிய மாட்யூலைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து ஓட்டினோம். அதில் திருத்த வேண்டியது ஒரு வரிகூட இருக்கவில்லை.