பார்க்க முடியாத படம்

உங்கள் வீட்டு பீரோவில் பழைய வீடியோ கேசட் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சினிமா. நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க முடியாது. பெயர் 'டெர் யானுஸ்கோப்ஃப்'. யானுஸின் தலை என்று அர்த்தம். முன்னும் பின்னும் முகம் உள்ள ரோமானியக் கடவுள்தான் யானுஸ். 1920-ல் ஜெர்மனியில் வெளியான மௌனப் படம். டைரக்டர், முர்னௌ.

கதை நமக்குத் தெரிந்ததுதான். பகலில் நல்லவர், மருந்து குடித்தால் ராட்சசன் என்று ஸ்டீவன்சன் எழுதினாரே, அந்த ஜெகில் - ஹைட். உரிமை வாங்காமல் எடுத்துவிட்டார்கள். ஜெகில், டாக்டர் வாரன் ஆனார். ஹைட், ஓகானர் ஆனார். (பேரை மாத்திட்டா கதை நம்முது என்கிற நம்பிக்கை கோடம்பாக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை!) வாரன் ஒரு யானுஸ் சிலையை வாங்கிக் காதலிக்குப் பரிசளிக்கிறார். அவள் பயந்துபோய் வேண்டாம் என்கிறாள். சிலை அவரிடமே தங்கிவிடுகிறது.

ஹீரோ கான்ராட் ஃபைட். 'டாக்டர் காலிகாரி' படத்தில் தூக்கத்தில் நடப்பவராக வந்து கண்ணை மெதுவாகத் திறப்பாரே, அவர். அந்தக் கண்கள் ஒரே ஆளுக்குள் இரண்டு பேராக மாறினால் எப்படி இருந்திருக்கும்! வீட்டு வேலைக்காரராக வருபவர் பெலா லுகோசி. 1931-ல் ஹாலிவுட்டில் டிராகுலாவாகி உலகத்தையே பயமுறுத்தியவர். அந்த டிராகுலாவுக்கு கேமரா பிடித்த கார்ல் ஃபிராய்ண்ட், இதிலும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1922-ல் முர்னௌ அதே வேலையை மறுபடி செய்தார். டிராகுலா நாவலை உரிமையில்லாமல் 'நோஸ்ஃபெராட்டு' என்று எடுத்தார்கள். நாவலாசிரியரின் மனைவி சும்மா விடவில்லை. கேஸ் நடந்து, 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பாகிவிட்டது. ஆனால் வெளிநாடு போயிருந்த பிரதிகள் தப்பிவிட்டன. இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். யானுஸ்கோப்ஃபை அழிக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. அதுதான் இல்லை. திரைக்கதையும் சில ஸ்டில்களும் மட்டும் மிச்சம்.

அந்தக் காலத்து ஃபிலிம், நைட்ரேட். ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். எரியாவிட்டால் தானே நைந்து பொடியாகும். பேசும் படம் வந்ததும் ஊமைப் படம் யாருக்கு வேண்டும்? குடோனை அடைக்கும் குப்பை. அதிலிருக்கும் வெள்ளிக்காகவே எத்தனையோ படங்களைக் கரைத்தார்கள்.

ஆனாலும் ஆசை விடுவதில்லை. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் 1927-ல் வெட்டியெறிந்த காட்சிகள், 2008-ல் அர்ஜென்டினாவில் ஒரு மியூசியத்தில் அகப்பட்டன. எங்கேயோ ஒரு தகர டப்பாவில் இதுவும் கிடக்கக்கூடாதா?

இப்போது கேசட்டுக்கு வருகிறேன். அக்கா கல்யாணம், 1989. பந்தியில் பாயச வாளியோடு அப்பா வருவார். யாரையோ பார்த்துச் சிரிப்பார். நாலைந்து விநாடிதான். அப்பா நடமாடுகிற படம் எங்களிடம் அது ஒன்றுதான். அவர் போன பிறகு கேசட்டைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தோம். பத்திரம் என்றால் தொடாமல் இருப்பது என்று நினைப்பு.

சில வருடங்களுக்கு முன் அதை டி.வி.டி.யாக மாற்ற எடுத்துப்போனேன். கடைக்காரர் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். டேப் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக.

"பூஞ்சை சார். ஓட்டினா என் மெஷின் ஹெட் போயிடும்."

கெஞ்சியதும் துடைத்துப் போட்டுப் பார்த்தார். நாதஸ்வரம் கேட்டது. "இங்க ரசம்!" என்று யாரோ கத்தியதுகூடக் கேட்டது. திரையில் வெறும் புள்ளி மழை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அப்பா அதுல யாரைப் பாத்துச் சிரிப்பார்?" என்று கேட்டேன்.

"என்னைப் பாத்துதான்" என்றாள் அம்மா.

அக்காவுக்குப் போன் போட்டேன். "சிரிக்கவே மாட்டார்டா. சமையல்காரரைத் திட்டிண்டே வருவார்" என்கிறாள்.

இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள்.