கூண்டுக்கு ஒரு கொம்பு

கிளி வளர்ப்போரைப் பற்றி யாரும் வியப்பதில்லை. ஓணான் வளர்க்கிறோம் என்றால் மட்டும் வந்தவர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டில் இருப்பது வேலி ஓணான் அன்று. மெக்ஸிகோ முதல் பிரேஸில் வரை காட்டு மரங்களில் வசிக்கும் பச்சை இகுவானா. அயல் தேசத்தில் உத்தியோகம் கிடைத்துப் புறப்பட்ட நண்பர் ஒருவர், உரிய பத்திரங்களுடன் அதை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றார். நம் நாட்டு உடும்பையும் பச்சோந்தியையும் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனஜீவிப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது நியாயமே. 2022-இல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பின், இகுவானா போன்ற அந்நியப் பிராணிகளையும் சர்க்காரில் பதிவு செய்ய வேண்டும். வேண்டாமென்று காட்டில் விடவும் கூடாது. வந்த இடத்தில் பெருகி, அங்குள்ள செடி கொடிகளை நாசம் செய்யும் ஜாதி அது. நன்றாகப் பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஒரு பிள்ளை அரிச்சுவடி தொடங்கிக் கல்லூரிப் படி ஏறும் காலம்!

கூண்டோடு வந்த கொம்பு பிளாஸ்டிக்கினாலானது. நகம் அதில் பதியவில்லை. அது ஏறுவதும் சறுக்குவதுமாயிருந்த காட்சியைக் குழந்தைகள் வேடிக்கை என்றார்கள். நமக்கோ வயிற்றைக் கலக்கிற்று. சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் குறைந்தால் இந்தப் பிராணியின் எலும்பு மெலிந்துவிடும். அத்தகைய எலும்புக்கு ஓரடி உயரத்திலிருந்து விழுவதே போதும். விழுந்தால் நாயைப் போல் ஊளையிடவும் அதற்குத் தெரியாது. ஆகவே, மெய்யான மரக்கிளையே வேண்டுமென்று தீர்மானித்தோம்.

மறுநாளே தோட்டக்காரர் ஒரு கட்டுக் கொம்புகளைக் கொண்டுவந்து போட்டார். "நேரா, திடமா இருக்குங்க, ஐயா. வெட்டிப் போட்டது வீணாத்தானே போகுது?" என்றார். பார்வைக்கு அழகான கொம்புகள்தாம். ஆனால் அத்தனையும் அரளி! இலை, பூ, வேர், பட்டை எல்லாவற்றிலும் இருதயத்தைத் தாக்கும் விஷமுள்ள செடி. "இது அதைத் தின்னவா போகுது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே. இகுவானா உலகத்தை அறிவது நாக்கினால். எதன்மேல் ஏறினாலும் அடிக்கு ஒரு தரம் நாவை நீட்டித் தொட்டுப் பார்க்கும். பற்றாக்குறைக்கு அது இலை தின்னும் ஜந்து. பட்டையில் துளிர் கண்டால் கடித்தும் பார்க்கும். அரளிக்கட்டு வந்த வழியே திரும்பிற்று.

பால் வடியும் கள்ளி, எருக்கு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாமரத்தின் பால் பட்டு உதடு வெந்தவர்கள் நேயர்களில் பலர் இருப்பார்கள்; அதனால் அதையும் விலக்கினோம். சாமான் பெட்டிகளுக்கு உபயோகிக்கும் பைன் மரமும், தேவதாருவும் பிசினும் காரமான வாசனையும் உடையவை. அடைத்த கூண்டுக்குள் அவை ஆகா. முருங்கை வேதாளத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்திற்றோ அறியோம். நம் விருந்தாளி ஏறினால் படக்கென்று முறியும். மூங்கில் வழுக்கும். கடைசியில் மனத்துக்கு இசைந்தது கொல்லைப்புறத்துக் கொய்யா. கட்டை உறுதி, விஷமில்லை, நகம் பிடிக்க இடமுண்டு. நம் மரத்துக்குப் பூச்சி மருந்து அடிப்பதில்லை என்பது நிச்சயமாய்த் தெரியும். சாலையோரத்து மரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? பிராணி விதேசியானாலும் கொம்பு நம் கொல்லையிலேயே கிடைத்ததில் நமக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தரையில் உலர்ந்து கிடக்கும் கிளையை எடுப்பது சுலபம். அதற்குள் பூஞ்சணமும் எறும்பும் குடியிருக்கும். எனவே மரத்திலிருந்தே வெட்டினோம். கிளை, பிராணியின் உடலளவு பருமனாவது இருக்க வேண்டும். அப்போதுதான் வயிற்றைப் படியவைத்துக் காலைத் தொங்கவிட்டு இளைப்பாறும். தளர்ந்த பட்டையை உரித்து, சோப்பில்லாமல் வெந்நீரில் தேங்காய் நாரினால் தேய்த்தோம். குளிர் தேசத்துப் புத்தகங்கள் கிளையை அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சொல்கின்றன. நமக்குச் சித்திரை வெயிலும் மொட்டை மாடியும் இருக்கையில் அடுப்பு எதற்கு? மூன்று வாரம் காய்ந்தது. வார்னிஷ் பூசலாமே என்ற யோசனையும் வீட்டில் எழுந்தது, மறுத்துவிட்டோம்.

கிளையைச் சாய்த்துப் பொருத்தியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத ஜந்து இது. தின்ற இலை ஜீரணமாவதற்கும் வெப்பம் வேண்டும். மேல்முனையில் விளக்கின் கீழ் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ், கீழ்முனையில் நிழல். நடுவே எங்கே வேண்டுமோ அங்கே அது நகர்ந்துகொள்ளும். விளக்கைத் தொட்டுச் சுட்டுக்கொள்ளாதபடி கம்பி வலை போட்டு, கிளையின் இரு முனைகளையும் வெளியிலிருந்து திருகாணியால் முறுக்கினோம். நம் கையால் முழுப் பலத்தோடு அழுத்தியும் அசையவில்லை என்று கண்ட பின்னரே கூண்டின் கதவைத் திறந்தோம்.

நகம் கீறிக் கீறி இந்தக் கொம்பும் ஒரு நாள் வழவழப்பாகும். எச்சம் ஊறிவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். அடுத்த கொம்பாகக் கொய்யாவின் வடபுறக் கிளையைக் குறித்து வைத்திருக்கிறோம். அதில் இப்போது பிஞ்சுகள் காய்த்திருப்பதால், குழந்தைகளின் சம்மதம் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.