காஞ்சித் தறியின் இரண்டாம் இருக்கை

காஞ்சி மாநகர் என்றதும் கைலாசநாதர் கோயிலின் மணற்கற் சிற்பங்களும், ஏகாம்பரநாதர் கோயிலின் வானளாவிய கோபுரமும் நம் நினைவில் எழுகின்றன. அந்நகரின் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலோ தறியின் ஓசை இன்றும் கேட்கிறது. நம் இல்லத் திருமணங்களில் பீடத்தின்முன் நிற்கும் மணமகள் உடுத்தும் பட்டு இத்தகைய வீடுகளில்தான் உருவாகிறது.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு 'கோர்வை' ஆகும். சேலையின் உடல் ஒரு நிறம். இருபுறக் கரைகளும் வேறு நிறம். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் இரண்டினை இயக்க, பக்கத்தில் அமர்ந்த துணையாள் மறுகரைக்குரிய நாடாவை இயக்குகிறார். உடலும் கரையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே வளர்கின்றன. முந்தானைக்கு நிறம் மாறுமிடத்தில், பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றனர். இதற்குப் 'பிட்னி' என்று பெயர். ஆகவே இச்சேலை ஒருவரால் ஆவதன்று. இருவர் கைகளும் ஒரே தாளத்தில் இயங்கினாலன்றி ஒரு விரற்கடையும் வளராது.

அந்த இரண்டாம் இருக்கைக்கு ஒரு துயர வரலாறு உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக, சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் சிறுவர் சிறுமியர் பலர் பள்ளிக்குச் செல்லாது அங்கே அமர்ந்திருந்தனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், நல்லோர் பலரின் முயற்சியும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. இது மகிழ்தற்குரியதே.

ஆனால் இன்று அவ்விருக்கையில் அமரும் பெரியவருக்கு முழுக்கூலி தரவேண்டும். பல இல்லங்களில் நெசவாளரின் மனைவியே, அடுப்பு வேலை முடித்து அங்கே அமர்கிறார். அவருடைய உழைப்பு தனியே கணக்கில் வருவது அரிது. கோர்வைச் சேலையின் விலையைக் கண்டு நாம் தயங்க, உடலுக்கும் கரைக்கும் ஒரே ஊடையை ஓட்டி நெய்யும் எளிய சேலைகளும், விசைத்தறிச் சேலைகளும் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. 2005-06ஆம் ஆண்டில் கிடைத்த புவிசார் குறியீடு காஞ்சிப் பட்டின் பெயரைக் காக்கும். நெய்யும் கைகளைக் காக்க வேண்டியது நியாயமான கூலியே.

எனவே, அன்பர்களே, அடுத்த திருமணத்திற்குப் பட்டெடுக்கும்போது சேலையைப் புரட்டிப் பாருங்கள். உடலின் ஊடை கரைக்குள் ஓடாமல், இரண்டும் சந்திக்கும் கோட்டில் கோத்துத் திரும்பியிருந்தால், அது கோர்வை. அதன் விலையைக் குறைத்துக் கேட்குமுன், அக்கோட்டின் இருபுறமும் இருவர் உழைத்திருக்கின்றனர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.