தறிக்கும் புஸ்தகத்துக்கும் ஒரே நாள் லீவு

பிள்ளையார்பாளையத்துல ஆயுத பூஜைன்னா தறிக்குத்தான் முதல் மரியாதை. தறிக்குழியைக் கூட்டி, நாடாவுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடலை படைச்சுட்டா அன்னைக்குத் தறிச் சத்தமே கிடையாது. பசங்க தங்களோட புஸ்தகத்தையும் நாடா பக்கத்துல அடுக்கிடுவாங்க. படிக்கச் சொல்ல முடியாதே, அதான் குஷி :-)

கோர்வைப் பட்டுல உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். கரைக்கு நாடா போட நெய்யறவர் பக்கத்துல இன்னொரு ஆள் வேணும். அப்பெல்லாம் பல வீட்டுல அது வீட்டுப் பிள்ளைதான். எட்டு வயசுல நானும் உக்காந்தேன். 1986ல வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வீட்டுத் தறியைத் தொடல. பண்டிகைதான் எனக்கு லீவு.

மறுநாள் விஜயதசமி. பசங்க புஸ்தகத்தை எடுப்பாங்க, நான் நாடாவை எடுப்பேன். பக்கத்துல உக்கார அவங்களைக் கூப்பிட மாட்டேன். எனக்கப்புறம் இந்தத் தறிக்கு யார் பொட்டு வெப்பாங்கன்னு மட்டும் நெனைச்சுக்குவேன்.